நடுங்காத சுடர்

இந்தக் கதையைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதிகம் படிக்காதவள் நான். நடுவில் ஏதாவது முன்னே பின்னே போய், நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டு, வீட்டில் போய் அப்படியே செய்துவைத்தால் என்ன ஆவது? அதனால் நிதானமாகச் சொல்கிறேன். நீங்களும் நிதானமாகக் கேளுங்கள்.

மேகங்கள் ஆடுகளோடு சேர்ந்து மலைச்சரிவில் மேய்ந்த காலம் அது. கூதமலை என்று ஒரு மலை. அந்த மலைக்கு ஒரு ராஜா. ராஜாவுக்குக் கீழே குடிகள். எல்லோருக்கும் மேலே குளிர்.

மார்கழி பிறந்துவிட்டால் அங்கே குடத்துத் தண்ணீர் பல்லைக் கூச வைக்கும். வாசலில் தெளித்த தண்ணீர் காய மறுக்கும். கைவிரல் சொன்ன பேச்சைக் கேட்காது. ஜனங்கள் காட்டை வெட்டி வெட்டி எரித்தார்கள். வீட்டுக்கு வீடு கூரை உச்சியில் புகைக்கண் என்று ஒரு ஓட்டை இருக்கும். புகையெல்லாம் அதன் வழியே போகும். புகையோடு பாதிச் சூடும் போகும்.

"இப்படியே போனால் என் மலை மொட்டையாகிவிடும்" என்று ராஜா கவலைப்பட்டார். கவலைப்பட்டு ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். அதற்குச் சுடர் பார்த்தல் என்று பெயர்.

மார்கழியில் அரண்மனை மணியக்காரர் ஓர் அகல்விளக்கோடு வீடு வீடாக வருவார். வீட்டு நடுவில் விளக்கை வைப்பார். கதவைச் சாத்துவார். உட்கார்ந்து சுடரையே பார்ப்பார். சுடர் சாய்ந்தால் அந்த வீட்டுக்குள் காற்று வருகிறது, விறகு வீணாகிறது என்று அர்த்தம். சுடர் நடுங்காமல் நின்றால் அந்த வீட்டுக்காரி சிக்கனக்காரி. எந்த வீட்டுச் சுடர் கொஞ்சமும் நடுங்கவில்லையோ, அந்த வீட்டுக்கு அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து ஒரு பெரிய கூடை கரி கிடைக்கும்.

கரி என்றால் லேசா? விறகு போலப் புகையாது. கண்ணைக் கரிக்காது. ஒரு சட்டி கங்கு போட்டால் அரைப்பொழுது தாங்கும். கூதமலைப் பெண்கள் தங்கத்தைக்கூட அப்படி ஆசைப்பட்டதில்லை.

அந்த மலையின் கீழ்த்தெருவில் மாதாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் விருமன் பொதிமாடு ஓட்டிக்கொண்டு சமவெளிக்கு உப்பு வாங்கப் போயிருந்தான். தை கழிந்துதான் வருவான். போகும்போது ஒரு பெரிய பொறுப்பை அவள் தலையில் வைத்துவிட்டுப் போனான்.

அவன் தங்கை சிலம்பாயி தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்திருந்தாள். மாமியார் உயிரோடு இல்லை. பார்க்கிற கடமை அண்ணி மாதாயிக்கு. பெண்பிள்ளை பிறந்தது. உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளை. "ரெண்டு பேரையும் நல்லபடியா வச்சிரு மாதாயி. குளிரு பட்டுடாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டு விருமன் மாட்டை ஓட்டினான்.

மாதாயியோ எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். பிள்ளை தும்மினால் அவளுக்கு நெஞ்சை அடைக்கும். தும்மாவிட்டால், ஏன் தும்மவில்லை என்று அடைக்கும். விறகு அடுக்கு முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. இருந்ததும் ஈரம். வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. இந்தப் பிள்ளையைக் குளிரிடம் கொடுத்துவிடுவேனோ என்பதுதான் அவளுக்கு இரவும் பகலும் ஒரே நினைப்பு.

அரண்மனைக் கரி ஒன்றே வழி என்று தீர்மானித்தாள். கரி வேண்டுமானால் சுடர் நடுங்கக் கூடாது. சுடர் நடுங்காமல் இருக்கவேண்டுமானால் வீட்டை அடைக்கவேண்டும்.

முதலில் கதவு. அடியில் கை நுழைகிற சந்து இருந்தது. பழைய சேலையைக் கிழித்துச் சுருட்டி அதில் செருகினாள். விளக்கை ஏற்றிப் பார்த்தாள். சுடர் சாய்ந்தது.

அடுத்து சன்னல். செம்மண்ணும் சாணியும் வைக்கோலும் பிசைந்து அதை அப்பி மெழுகினாள். விளக்கை ஏற்றிப் பார்த்தாள். சுடர் அசைந்தது.

கட்டிலில் கிடந்த சிலம்பாயி சிரித்தாள். "என்ன அண்ணி, எலிக்குக்கூட வழி விடமாட்டீங்களா? நாளைக்கு என் மூக்கையும் அடைச்சிருவீங்க போலருக்கு."

"நீ பேசாம படு தாயி. பச்சை உடம்பு. பல்லுல காத்துப் படக்கூடாது."

மூன்றாவதாகக் கூரையைப் பார்த்தாள். புகைக்கண் திறந்திருந்தது. அதன் வழியே ஒரு துண்டு மூடுபனி எட்டிப் பார்த்தது. அதை மட்டும் கூதமலையில் யாரும் அடைத்ததில்லை. அடைத்தால் அடுப்புப் புகை எங்கே போகும்?

மாதாயி யோசித்தாள். விறகுக்குத்தானே புகை. கரிக்கு ஏது புகை? கரி வந்தபிறகு புகைக்கண் எதற்கு?

ஐயோ, அந்த யோசனை எவ்வளவு நியாயமாக இருந்தது பாருங்கள். அதுதான் இப்போது நினைத்தாலும் குலையை நடுக்குகிறது. அவள் ஏணி வைத்து ஏறினாள். வைக்கோல் பந்தைத் திணித்தாள். மேலே மண்ணைக் குழைத்துப் பூசினாள். இறங்கி விளக்கை ஏற்றினாள். சுடர் வரைந்து வைத்தது போல நின்றது. மணியக்காரர் வந்து பார்க்கும் வரைக்கும் அடுப்பை வாசலில் மூட்டிச் சமைத்தாள்.

மணியக்காரர் வந்தார். விளக்கை வைத்தார். பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டே மறுபடியும் பார்த்தார். "இந்த மலையில இப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததில்ல. காத்து உன் வீட்டு வாசல்ல மண்டியிட்டுக் கெஞ்சணும்மா" என்றார்.

எதிர்வீட்டுச் சடைச்சிக்கு வயிறு எரிந்தது. "கீழ்த்தெரு மகாராணிக்குக் கரி வருதாம்ல. இனி நம்மகூடப் பேசுவாளோ என்னவோ" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். மாதாயிக்கு அது காதில் தேனாகப் பாய்ந்தது.

மறுநாள் கரி வந்து இறங்கியது. அன்றைக்குப் பார்த்துக் காலையிலிருந்தே மூடுபனி விலகவில்லை. சாரல் வேறு. மாதாயி கணப்புச் சட்டியில் கரியைக் கொட்டி, வாசலில் வைத்து விசிறி, கங்கு சிவந்ததும் வீட்டுக்குள் தூக்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். கதவைச் சாத்திக் கந்தலை இறுக்கினாள்.

வீடு இளஞ்சூடானது. அப்பாடா என்று இருந்தது. புகை இல்லை. நாற்றம் இல்லை. சத்தம் இல்லை.

கொஞ்ச நேரம் போனது. சிலம்பாயி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "தலை விண்ணு விண்ணுங்குது அண்ணி."

"தலைக்குக் குளிச்ச ஈரம். சூட்டுல காஞ்சா சரியாகும்" என்றாள் மாதாயி. அவளுக்கும் தலை வலித்தது. சொல்லவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. சிலம்பாயி பேசிக்கொண்டே இருந்தவள் பேச்சை நிறுத்தித் தூங்கிப் போனாள். "பாவம், எத்தனை நாளாச்சு இப்படித் தூங்கி" என்று மாதாயி போர்வையை இழுத்துவிட்டாள்.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. பிள்ளை அழவே இல்லை. எட்டிப் பார்த்தாள். உதடு செக்கச்செவேல் என்று இருந்தது. "குளிரு விட்டுடுச்சு. ரத்தம் ஊறுது" என்று மகிழ்ந்துபோனாள்.

அவளும் சுவரில் சாய்ந்தாள். கண் தானாக மூடியது. எத்தனையோ நாளாக இல்லாத நிம்மதி. பயமே இல்லை. அந்த நிம்மதிதான் அவளை உசுப்பியது. பிறந்ததிலிருந்து பயந்தவளுக்குத் திடீரென்று பயம் இல்லை என்றால், அதுவே பயமாக இருக்காதா?

மூலையில் கூடைக்குள் முட்டைமேல் கோழி ஒன்று அடை கிடந்தது. யாராவது அசைந்தால் போதும், சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். மாதாயி கையை நீட்டினாள். அது கொத்தவில்லை. தொட்டாள். அதன் தலை கூடை விளிம்பில் துவண்டு தொங்கியது. உடம்பு சூடாக இருந்தது. உயிர் இல்லை.

குளிரில் சாகவில்லை அந்தக் கோழி. சூட்டில் இருந்துகொண்டே செத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்தக் கரியிலிருந்து வந்து மூச்சைக் கெடுத்திருக்கிறது.

மாதாயி எழப் பார்த்தாள். கால் எழவில்லை. கத்தப் பார்த்தாள். குரல் வரவில்லை. வயிறு புரட்டியது. தவழ்ந்து கதவுக்குப் போனாள். உள்பக்கம் திறக்கிற கதவு அது. இழுத்தாள். அடியில் செருகிய கந்தல் ஆப்பு வைத்தது போல இறுகிப்போயிருந்தது. அவள் கையால் அவளே வைத்த ஆப்பு. விரலுக்கு அது அசையவில்லை. குனிந்து பல்லால் கடித்துப் பிடுங்கினாள். நகம் பெயர்ந்தது. கந்தல் வந்தது. கதவு ஒரு சாண் திறந்தது.

குளிர் முகத்தில் அறைந்தது. காலமெல்லாம் எதிரி என்று நினைத்திருந்தாளே, அந்தக் குளிர்தான். அதை வாய் நிறைய விழுங்கினாள். கொஞ்சம் தெளிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிவந்து வாசலில் கிடத்தினாள். மறுபடி போனாள். சிலம்பாயியைத் தூக்க முடியவில்லை. கட்டிலிலிருந்து பாயோடு உருட்டி இறக்கி, பாயைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துவந்து போட்டாள்.

சிலம்பாயி வாந்தி எடுத்தாள். முனகினாள். பிள்ளை முனகவில்லை.

சத்தம் கேட்டுத் தெரு கூடியது. சடைச்சிதான் முதலில் ஓடிவந்தாள். பார்த்ததும் மார்பில் கைவைத்து நின்றுவிட்டாள். "அடி பாவி, பச்சைப்பிள்ளையைச் சாரல்ல போட்டிருக்கியே. உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"உள்ள... வேண்டாம்" என்றாள் மாதாயி. நாக்கு குழறியது.

"கரி கிடைச்ச திமிருல குடிச்சிட்டா போல" என்றது ஒரு குரல். இன்னொருத்தி பேய் என்றாள். சடைச்சி குனிந்து பிள்ளையை அள்ளினாள். "விலகுடி. உள்ள எவ்வளவு சூடா இருக்கு. நான் கொண்டுபோய்க் கணப்புப் பக்கத்துல படுக்க வைக்கிறேன்."

கேளுங்கள், இதுதான் அந்த ஊருக்கு வந்த சோதனை. நல்ல எண்ணத்தோடு பத்துக் கை சேர்ந்து அந்தப் பிள்ளையைச் சாவுக்குத் தூக்கிக் கொடுக்கப் பார்த்தது. ஊர்ச்சொல்லுக்குப் பயந்தே வாழ்ந்தவள் மாதாயி. யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் வாசற்படியின் குறுக்கே விழுந்து படுத்தாள்.

"என்னை மிதிச்சிட்டுப் போ" என்றாள். "முடிஞ்சா மிதிச்சிட்டுப் போ சடைச்சி."

ஒருத்தி அவள் காலைப் பிடித்து இழுத்தாள். ஒருத்தி சேலையைப் பிடித்து இழுத்தாள். ஒருத்தி கன்னத்தில் அறைந்தாள். மாதாயி கதவு நிலையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

அதற்குள் யாரோ மணியக்காரரைக் கூட்டிவந்தார்கள். அவருக்குக் கோபம். "அரண்மனைக் கரிக்கா குறை சொல்றே? எட்டு ஊருக்கு உன் வீட்டை மெச்சிப் பேசிட்டு வர்றேன் நான்" என்று அவளைத் தாண்டி உள்ளே போனார்.

போனவர் கணப்பை முகர்ந்து பார்த்தார் போலும். சுற்றிமுற்றிப் பார்த்தார் போலும். சீக்கிரமே வெளியே வந்தார். நடை தள்ளாடியது. ஒரு கையால் நெற்றியைப் பிடித்திருந்தார். மறு கையில் அந்தக் கோழி தொங்கியது.

கோழியை மண்ணில் வைத்தார். தெரு முழுவதும் அதைப் பார்த்தது. காயம் இல்லை. ரத்தம் இல்லை. ஓர் இறகுகூடக் கலையவில்லை. சடைச்சியின் கை பிள்ளையை மார்போடு இறுக்கியது. ஓர் எட்டுப் பின்னால் வைத்தாள். இன்னோர் எட்டு. வாசலை விட்டு, கூரை நிழலை விட்டு, காற்று வீசுகிற வெட்டவெளிக்கே போய்விட்டாள். அங்கே நின்று பிள்ளையின் முகத்தில் ஊதினாள். மாதாயி தவழ்ந்துபோய் உள்ளங்காலைத் தேய்த்தாள்.

தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பிள்ளை ஒரு விக்கல் விக்கியது. முகத்தைச் சுளித்தது. பிறகு வீறிட்டு அழுதது. சடைச்சி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நானே கொண்டுபோயிருப்பேனே மாதாயி. நானே உள்ள கொண்டுபோயிருப்பேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மணியக்காரர் ஓலை எழுதவில்லை, ஆள் அனுப்பவில்லை. அன்றைக்கே நேரே ராஜாவிடம் ஓடினார். ராஜா கேட்டு உறைந்துபோனார். சுடர் பார்க்கும் வழக்கம் அன்றோடு நின்றது.

ஆனால் குளிர் நின்றதா? அது நிற்கவில்லை. மார்கழியும் தையும் மீதம் இருந்தன. விறகும் இல்லை. மாதாயி என்ன செய்தாள்?

புகைக்கண்ணைத் திறந்தாள். சன்னலின் மேல்பக்கம் மண்ணைப் பெயர்த்து நாலு விரல் வழி விட்டாள். கணப்புச் சட்டியை வாசலுக்குத் துரத்தினாள். அதன்பிறகு ஒரு கங்குகூட அவள் வீட்டுப் படி ஏறவில்லை. ஓடையிலிருந்து உருண்டைக் கற்களைப் பொறுக்கிவந்து, நன்றாகக் காயவைத்து, வாசல் கணப்பைச் சுற்றி அடுக்கினாள். கல் சுட்டதும் துடைத்துக் கந்தலில் சுற்றினாள். கன்னத்தில் வைத்துப் பார்த்துப் பொறுக்கிற சூடுதானா என்று தெரிந்துகொண்டாள். கற்களைப் பெரியவர்களின் கால்மாட்டில் மட்டும் வைத்தாள். பாய்க்கு அடியில் வைக்கோலைக் கனமாகப் பரப்பினாள். சூடான கேழ்வரகுக் கூழில் மிளகைத் தட்டிப்போட்டுத் தானும் குடித்து நாத்தனாருக்கும் கொடுத்தாள். பொழுது சாய்ந்தால் சடைச்சியும் தன் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். மூன்று பெண்களும் ஒட்டிப் படுத்து, சிலம்பாயியின் மார்போடு பிள்ளையை அணைத்துக்கொண்டு, மேலே இருந்த போர்வை எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்து மூடினார்கள். முகத்தை மட்டும் மூடவில்லை.

படுக்கும்முன் மாதாயி எழுந்து, கூரை வழியே வருகிற காற்றுக்குக் கையை நீட்டிப் பார்ப்பாள். விரலில் சில்லென்று பட்டால்தான் வந்து படுப்பாள்.

குளிருக்குப் பயந்து எதை அடைத்தாலும், நெருப்பு இருக்கிற வீட்டில் காற்று வருகிற வழியை மட்டும் ஒருநாளும் அடைக்கக் கூடாது.