ரிவர்ஸில் பூத்த குமிழி

சுடலைமுத்துவுக்கு ஆசான் கிடைத்தபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆசானுக்கு முப்பத்தாறு.

முப்பது வருடம் இன்ஜின் வேலை பார்த்தவர் சுடலைமுத்து. சத்தத்தைக் கேட்டே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் ஏசி விஷயம் மட்டும் பிடிபடவில்லை. ஏற்றிய கேஸ் எங்கே போகிறது என்று யாராவது கேட்டால் விழிப்பார். திருநெல்வேலி பைபாஸ் ரோட்டில் ஜெபராணி என்று ஒரு பெண், கார் ஏசி மட்டுமே பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு திங்கட்கிழமை காலை அங்கே போய் நின்றார்.

"வேலை கத்துக்கணும். சேத்துக்கிடுவீங்களா?"

ஜெபராணி நிமிர்ந்து பார்த்தார். "மத்தியானத்துக்குச் சாப்பாடு கொண்டாந்திருக்கீங்களா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து சுடலைமுத்துவுக்கு அவர் 'டீச்சர்'.

அவர் சேர்ந்த ஐந்தாவது மாதம் கத்திரி வெயில். மேலப்பாளையத்திலிருந்து பீர் முகம்மது தன் காரைக் கொண்டுவந்தார். பின்சீட்டில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு அவருடைய மகள் ஹசீனா உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது.

"இவளுக்குப் பொறவியிலேயே வேர்வை வராது" என்றார் பீர் முகம்மது. "வெக்கை தாக்கினா உடம்பு கொதிச்சிரும். போன தடவ மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத் திரும்பும்போது, கோவில்பட்டிகிட்ட ஏசி நின்னுட்டு. புள்ளைக்குக் கண்ணு சொருகிட்டு. ரோட்டோரத்துல வச்சு, குடம் குடமா தண்ணிய ஊத்தி..."

குனிந்து, மகள் மேலிருந்த துண்டைச் சரிசெய்தார்.

"ரெண்டு எடத்துல கேஸ் ஏத்திப் பாத்துட்டேன். பத்து நாள் தாங்கல. நாளைக் கழிச்சு மறுபடியும் மதுரைக்குப் போகணும்."

ஜெபராணி திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க பாருங்க."

முழுசாக அவர் கையில் விட்ட முதல் வண்டி அது.

சுடலைமுத்து குழாய்களுக்குள் நைட்ரஜனை ஏற்றி அடைத்தார். எங்காவது கசிந்தால் கேஜ் முள் இறங்கும். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவி, டார்ச் அடித்துப் பார்த்தார். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். குமிழி என்று ஒன்று கிடையாது. ஒரு மணி நேரம் முள்ளின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அது இம்மியும் அசையவில்லை.

"லீக் இல்ல டீச்சர். கேஸ் ஏத்துனவங்க சரியா ஏத்தல போல."

பீர் முகம்மதுவின் முகம் தெளிந்தது. "அப்ப ஏத்திருவோமா?"

ஜெபராணி ஃபேனுக்கு அடியில் இருந்த ஹசீனாவிடம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"இந்த வண்டியில உனக்குப் பிடிக்காதது எது?"

அவள் யோசித்தாள். "வாப்பா ரிவர்ஸ் எடுக்கும்போது டங்குன்னு குதிக்கும். எனக்குப் பயமா இருக்கும்."

"பழைய வண்டில்லா" என்று சிரித்தார் தகப்பன்.

சுடலைமுத்து சிரிக்கவில்லை. இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் தேய்ந்திருப்பதை, பானட்டைத் திறந்ததுமே அவர் பார்த்திருந்தார். அது இன்ஜின் சமாச்சாரம், ஏசிக்கு அதில் என்ன என்று தாண்டிப் போயிருந்தார்.

பின்சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைக்கச் சொன்னார் ஜெபராணி. பீர் முகம்மது ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

"ஹேண்ட்பிரேக்க இழுத்துப் போட்டுருங்க. ஏசியப் போடாதீங்க. ரிவர்ஸ் போட்டு, கிளட்ச்ச லேசா விடுங்க. நான் கையக் காட்டினா அமுக்கிருங்க."

இன்ஜினோடு சேர்த்து மாட்டியிருக்கும் ஏசி கம்ப்ரஸரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், இரும்பு வளையத்துக்குள் நுழையும் இடத்தில் ஜெபராணி சோப்புத் தண்ணீரைத் தடவினார்.

"இங்க மட்டும் பாருங்க அண்ணாச்சி. கண்ண எடுக்காதீங்க."

கியர் விழுந்தது. இன்ஜின் ஒருபக்கமாகச் சாய்ந்து எழும்ப, ஹோஸும் கூடவே இழுபட்டது.

வளையத்தின் விளிம்பில் ஒரு குமிழி கிளம்பியது. முதலில் கடுகளவு. பிறகு மிளகளவு. வானவில் நிறங்கள் அதன்மேல் மெல்லச் சுழன்றன.

ஜெபராணி கையைக் காட்டினார். இன்ஜின் தன் இடத்தில் அமர்ந்தது. குமிழி அப்படியே நின்றது. வளரவில்லை. கொஞ்ச நேரத்தில் உடைந்தது.

"இன்னொரு தடவ விடுங்க."

மறுபடியும் இன்ஜின் சாய்ந்தது. மறுபடியும் குமிழி. இன்ஜின் அமர்ந்ததும் கசிவின் வாய் மூடிக்கொண்டது.

சுடலைமுத்துவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பது வருடமாக எத்தனை இன்ஜின்கள் இப்படிச் சாய்ந்து எழும்புவதைப் பார்த்திருப்பார். அந்தச் சாய்வு பக்கத்தில் இன்னொன்றின் வாயைத் திறந்து மூடும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஏதோ ஒரு சின்ன உயிர் மூச்சு விடுவதை ஒளிந்திருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. தன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது அவருக்கே பிறகுதான் தெரிந்தது.

தள்ளி நின்று எட்டிப்பார்த்த ஹசீனா கேட்டாள். "இது வழியாத்தான் என் குளிரு போச்சா?"

சுடலைமுத்து ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

புது ஹோஸ் வந்தது. மவுண்டிங் ரப்பரை சுடலைமுத்து தன் கையாலேயே மாற்றினார். நைட்ரஜனை ஏற்றி, திரும்பவும் ரிவர்ஸ் போட்டுப் பார்த்தார்கள். இன்ஜின் லேசாகச் சிலிர்த்ததோடு சரி. குமிழி வரவில்லை. அதன் பிறகே குழாய்களுக்குள் இருந்ததை எல்லாம் வேக்கம் பம்பால் உறிஞ்சி எடுத்துவிட்டு, கேஸ் ஏற்றினார்கள்.

மதுரைக்குப் போன அன்று மத்தியானம் பீர் முகம்மது போன் செய்தார். ஜெபராணி ஸ்பீக்கரில் போட்டார்.

"கோவில்பட்டி தாண்டிட்டோம்மா. வெளிய அனல் பறக்கு. புள்ள குளிருதுன்னு போர்வையக் கேட்டு வாங்கி மூடிக்கிட்டுத் தூங்குது." குரல் உடைந்தது. "தூங்குதும்மா."

சுடலைமுத்து சுவர்ப்பக்கம் திரும்பி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"ஒரு எடம் பாக்கியில்லாம தடவிப் பாத்தேனே டீச்சர். எனக்கு ஏன் தெரியல?"

ஜெபராணி நைட்ரஜன் ட்யூபைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் பாத்தீங்க அண்ணாச்சி." சுருட்டிய ட்யூபை ஆணியில் மாட்டினார். "நின்ன வண்டியப் பாத்தீங்க. அந்தப் புள்ள போறது ஓடுற வண்டியில."