தாரெழுத்தும் தாய்மாமனும்

ஒரே ஒரு தாய்மாமன் பதவிக்கு மூன்று பேர் மல்லுக்கு நின்ற வழக்கு இது. முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பாதியில் தலையாட்டினால் செல்லாது.

புளியமங்கலத்தில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, மூடிக்கிடக்கும் பஞ்சாலையின் நீளச் சுவர். வெள்ளிக்கிழமை காலை சொர்ணத்தாய் பால் வாங்கப் போனபோது, அந்தச் சுவரில் ஆள் உயர எழுத்து. சாலை போட வைத்திருந்த தாரைக் கொண்டுவந்து யாரோ ஒருவன் எழுதியிருந்தான்: "மரகதவல்லி எனக்குத்தான்." எழுதிய வீரன் தன் பெயரைப் போடவில்லை. அவ்வளவு தைரியம் இருந்திருந்தால் வீட்டுக்கே வந்து பெண் கேட்டிருப்பானே!

மரகதவல்லி, சொர்ணத்தாயின் ஒரே மகள். அன்று பதினொரு மணிப் பேருந்தில் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வருகிறவர்களோ, முன்பு போன இடத்தில் பக்கத்து வீட்டுச் சண்டைச் சத்தம் காதில் விழுந்தது என்பதற்காகவே காபியைத் தொடாமல் திரும்பியவர்கள். மரகதவல்லிக்கோ மாப்பிள்ளையின் புகைப்படத்தைப் பார்த்த நாளிலிருந்து மிஷினில் ஒரு தையல் நேராக விழவில்லை.

சொர்ணத்தாய்க்குப் புருஷன் இல்லை, கூடப்பிறந்தவனும் இல்லை. கல்யாணம் என்று ஒன்று கூடினால், சீர்த்தட்டோடு முன்னால் நடந்து வந்து பெண்ணுக்கு முதல் மாலை போட ஒரு தாய்மாமன் வேண்டுமே என்ற கவலை வேறு. இரண்டு கவலையையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டாள். வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தை நோக்கி, "அவங்க கண்ணுல இந்த எழுத்துப் படாமப் பண்றவங்க யாரோ, அவங்கதான் என் மகளுக்குத் தாய்மாமன். இது சத்தியம்!" என்றாள்.

துள்ளி வந்தார் வெள்ளையடிக்கும் உத்தண்டி. "வீட்டுல சுண்ணாம்பு கிடக்கா யக்கா?"

பொங்கலுக்கு வாங்கி மிஞ்சியதைச் சொர்ணத்தாய் பானையோடு தூக்கி வந்தாள். உத்தண்டி இரண்டு பூச்சு அடித்தார். சுவர் பாலாக வெளுத்தது. சொர்ணத்தாய் மூச்சு விட்டாள். ஒன்பதரை மணி வெயில் ஏறியது, தார் இளகியது. வெள்ளையைக் கிழித்துக்கொண்டு 'மரகதவல்லி' முன்னைவிடப் பளிச்சென்று எட்டிப் பார்த்தது.

"வெளுத்துக் கட்டிட்டீரு அண்ணாச்சி!" என்று சிரித்தபடி கூட்டத்திலிருந்து முன்னால் வந்தான் லாரிப் பட்டறை யாகப்பன். "தாருக்கு மண்ணெண்ணெய்தான் மருந்து. எடுத்துட்டு வாங்கக்கா."

அடுப்படியிலிருந்த டின்னைச் சொர்ணத்தாய் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். யாகப்பன் சாக்கை நனைத்துத் தோள் வலிக்கத் தேய்த்தான். 'எனக்குத்தான்' கரைந்து ஓடியே போனது. 'மரகதவல்லி' பாதி கரைந்தபோது டின் காலி. கிட்டே நின்றால் வெறும் கறுப்புச் சேறு. எதிரே பேருந்து நிற்கும் இடத்திலிருந்து பார்த்தாலோ பெயர் நிழல்போலத் தெரிந்தது. மணி பத்தே முக்கால். சொர்ணத்தாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் குளத்துப் பக்கமிருந்து மாடுகளோடு வந்தாள் குருவம்மாள், தலையில் கூடை நிறையச் சாணம். எழுத்தும் தெரியாது, சத்தியமும் தெரியாது அவளுக்கு.

"என்ன யக்கா, சுவத்தைப் பார்த்து ஒப்பாரி வைக்க?"

"மாப்பிள்ளை வீட்டாளுக வந்துருவாகடி. எழுத்துப் போகலையே!"

படிக்கத் தெரியாத குருவம்மாள் சுவரை மேலும் கீழும் பார்த்தாள். "இதுல எது ஆகாத எழுத்து?"

"எல்லாமே ஆகாது தாயே!"

வறட்டி தட்டி விற்க, அன்றைய பிழைப்புக்கென்று சேர்த்த சாணம் அது. யோசிக்கவே இல்லை, அள்ளி அள்ளி அறைந்தாள். பேருந்தின் ஹாரன் கேட்டபோது கடைசி வறட்டி சுவரில் ஒட்டியது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கி, எதிர்ச் சுவரை ஒரு பார்வை பார்த்தார். சொர்ணத்தாய் சுவரை மறைக்க முன்னால் ஓடினாள்.

"பரவாயில்லையே, நல்லா மாடு கன்னு உள்ள ஊருதான்!"

அன்றே பூ வைத்து உறுதி செய்துவிட்டார்கள். சொர்ணத்தாய் அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, மிஞ்சிய கேசரி முழுவதையும் வழித்துத் தின்றாள். அவ்வளவு நிம்மதி.

நம்பினால் நம்புங்கள், நாலாம் நாள் வறட்டியைப் பெயர்த்தால் சுவரில் தார் ஒரு பொட்டு இல்லை. மண்ணெண்ணெயில் இளகியதை எல்லாம் சாணம் உறிஞ்சிவிட்டது. ஆனால் அந்த வறட்டியை வாங்கத்தான் ஆளில்லை. "இதுல பால் காய்ச்சினா லாரிதான் குடிக்கும்" என்றுவிட்டார் டீக்கடைக்காரர்.

பிறகுதான் சண்டை ஆரம்பித்தது.

"முதல்ல கைவச்சவன் நான்" என்றார் உத்தண்டி. "சுண்ணாம்புப் பிடிப்பு இல்லாட்டி அவ சாணம் வழுக்கி விழுந்திருக்கும்."

"நான் தாரை இளக்கலைன்னா அது ஆயுசுக்கும் போயிருக்காது" என்றான் யாகப்பன்.

அதற்குள் சத்தியத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த குருவம்மாள் இடுப்பில் கைவைத்தாள். "கடைசியில அவங்க கண்ணுக்கு மறைச்சது யாரு? மரியாதை உண்டுன்னு தெரிஞ்சப்புறம் விட்டுருவேனா?"

"சேலை கட்டின மாமன் எந்த ஊர்ல உண்டு?" என்று உத்தண்டி எகிறினார்.

சொர்ணத்தாய் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மாலையோ ஒன்று, கொடுத்த வாக்கும் ஒன்று. நீங்கள் சொல்லுங்கள்: தாய்மாமன் மரியாதை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: குருவம்மாளுக்கு. மூன்று பேர் கைபட்டுத்தான் தார் போனது, அதில் சந்தேகமில்லை. ஆனால் தாய்மாமன் என்பவர் யார்? தன் வீட்டிலிருந்து சீர் கொண்டுவருபவர். உத்தண்டி பூசியது சொர்ணத்தாயின் சுண்ணாம்பு, யாகப்பன் ஊற்றியது சொர்ணத்தாயின் மண்ணெண்ணெய். இருவரும் பரிசு உண்டென்று காதில் விழுந்தபிறகே கையை நீட்டினார்கள். பரிசு உண்டென்றே தெரியாமல், தன் பிழைப்பைத் தானே கொண்டுவந்து கொட்டியவள் ஒருத்திதான். சொர்ணத்தாயும் அப்படியே தீர்த்தாள். வைகாசியில் கல்யாணம். சீர்த்தட்டோடு முன்னால் வந்த குருவம்மாளைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, "மாமன் எங்கே?" என்று கேட்க, குருவம்மாள் இல்லாத மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டுக்கொண்டு மாலையைப் போட்டாள்.