தாழ்ப்பாள் இல்லாத கதவு

மாரிச்செல்வியோட பேரு, போன் நம்பர், ஹாஸ்டல், ரூம் நம்பர், சாதி, அப்பா பேரு, அத்தனையும் அரசாங்க வெப்சைட்ல தொங்குச்சு. உதவித்தொகை வாங்கற பிள்ளைங்க பட்டியலாம். எவன் வேணா பாக்கலாம்.

அவ தாய்மாமன் பாத்துட்டான்.

அவனக் கட்டிக்க மாட்டேன்னு ஊரவிட்டு ஓடியாந்து படிக்கறவ அவ. அவ எங்க இருக்கான்னு இத்தனை நாளும் அவனுக்குத் தெரியாது. நேத்து ஹாஸ்டல் கேட்ல நின்னு, ரூம் நம்பரச் சொல்லிக் கூப்பிட்டான். வாட்ச்மேன் விரட்டி விட்டாரு. ஆள் சேத்துக்கிட்டு திரும்ப வருவேன்னு சொல்லிட்டுத்தான் போனான். அவ கட்டிலுக்கு அடியில போயி உக்காந்துக்கிட்டா.

அவளும் நானும் ஒரே ரூம். எங்களுக்குச் சட்டம் நடத்தற கமர்நிஷா மேடத்த இழுத்துக்கிட்டு அந்தப் பட்டியலப் போட்ட ஆபீசுக்குப் போனேன். படியேறும்போதே கேட்டேன்.

"கம்பெனிக்காரன் நம்ம விவரத்தத் திருடுனா அரசாங்கத்துக்கிட்ட போகலாம். அரசாங்கமே அவுத்து விட்டா எவன்கிட்ட மேடம் போறது? அரசாங்கத்துக்கு இதுல என்னதான் வேலை?"

மேடம் படியப் பாத்து ஏறுனாங்க.

அங்க பொறுப்புல இருந்த சூப்ரண்டு அம்மா நாங்க சொன்னதையெல்லாம் கேட்டாங்க. கேட்டுட்டு, "பட்டியல எடுக்க முடியாதும்மா. வெளிப்படையா இருக்கணும்னு உத்தரவு. யாருக்கு உதவி போகுதுன்னு ஊருக்குத் தெரியணும்ல?"ன்னாங்க.

"யாருக்குப் போகுதுன்னு தெரியட்டும். எந்த ரூம்ல அவ படுக்கறான்னு ஊருக்கு எதுக்கு?"

"சத்தம் போடாத. உங்க விவரமெல்லாம் பத்திரமா இருக்கு. பாதுகாக்கறதே நாங்கதான்."

"யாருகிட்ட பத்திரமா இருக்கு? அவ மாமன்கிட்டயா?"

"வாய் ரொம்ப நீளுது. புகார் எழுதிக் குடு. பேரு, ஆதார், போன் நம்பர், விலாசம் எல்லாம் போட்டு."

"அதையும் வெப்சைட்ல தொங்க விடவா?"

பக்கத்து டேபிள் ஆளு சிரிச்சுட்டான். சூப்ரண்டு அம்மா மூஞ்சி செவந்துருச்சு. நான் மேடத்தப் பாத்தேன். ஏதாவது தீர்ப்பு, ஏதாவது பிரிவு, எடுத்து வீசுவாங்கன்னு.

மேடம் கேட்டாங்க: "இங்க லேடீஸ் டாய்லெட் எங்கங்க இருக்கு?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அங்க ஒருத்தி கட்டிலுக்கு அடியில கெடக்கா. இவங்களுக்கு இப்பத்தான் வரணுமா?

டாய்லெட் சாவி சூப்ரண்டு அம்மா டிராயர்ல இருந்துச்சு. வெளியாளுங்க கையில குடுக்க மாட்டாங்களாம். அவங்களே எந்திரிச்சு வந்து தொறந்து விட்டாங்க. கதவுல உள்பக்கம் தாழ்ப்பாள் இல்ல, அது இருந்த ஓட்டைதான் இருந்துச்சு.

"நான் பிடிச்சுக்கறேன் மேடம்"னு முன்னாடி போனேன்.

"நீ தள்ளு. அம்மா, நீங்க கொஞ்சம் பிடிச்சுக்கங்களேன்."

சூப்ரண்டு அம்மா யோசிக்கவே இல்ல. கதவ இழுத்துச் சாத்தி, கைய பின்னால விட்டுக் கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு, வராண்டாவப் பாத்து நின்னாங்க. ஒரு பியூன் ஃபைலோட அந்தப் பக்கம் வந்தாரு.

"யோவ், சுத்திப் போய்யா! உள்ள ஆளு இருக்குல்ல?"

அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு திரும்பிப் போயிட்டாரு.

மேடம் வெளிய வந்தாங்க. ஈரக் கைய முந்தானையில தொடச்சுக்கிட்டே கேட்டாங்க.

"நீங்க உள்ள எட்டிப் பாக்கலையே?"

"ஐயே! என்ன மேடம் கேள்வி இது? கதவு பிடிக்கறவ பாப்பாளா?"

"அந்த பியூன் கேட்டிருந்தா?"

"என்னன்னு?"

"உள்ள யாரு, என்ன பண்றாங்கன்னு."

"செருப்பு பிஞ்சிருக்கும்!"

"ஊருக்குத் தெரியணும்னு மேலேருந்து உத்தரவு வந்திருந்தா?"

சூப்ரண்டு அம்மா கை இன்னும் கைப்பிடியிலதான் இருந்துச்சு.

மேடம் குரல் ஒசரவே இல்ல.

"மாரிச்செல்வியும் உள்ளதாங்க இருந்தா. அவ கதவ ஏன் விட்டீங்க?"