கரடிக்கு வந்த எட்டிப் பார்க்கும் ஆசை

மலையடிவாரக் குளம் வற்றிக்கொண்டே வந்தது. அதில் ஒரு விரால் மீன், பாதி உடம்பு சேற்றிலும் பாதி உடம்பு வெயிலிலுமாகக் கிடந்தது.

மலைமேல் ஓடையில் தண்ணீர் இருந்தது. கரையை உடைத்துவிட யானையும் தயார். ஆனால் பாறைகளுக்கு நடுவே ஆயிரம் பிளவுகள்! குளத்துக்கு வந்து சேரும் பிளவு ஒன்றே ஒன்றுதான். தப்பான பிளவில் திறந்துவிட்டால் தண்ணீர் பள்ளத்தாக்கோடு போயே போச்சு.

சரியான பிளவைக் கண்டுபிடிக்கக் கரடியும் சிலந்தியும் மின்மினியும் ஆளுக்கொரு குவாண்டம் கணினி செய்தார்கள். ஆயிரம் வழியையும் சேர்த்தே அலசுகிற கணினி அது. ஒரே ஒரு நிபந்தனை. கணக்கு ஓடும்போது யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கணக்குக் கலைந்துவிடும்.

"என்னோடது பனிக்குகையில ஓடுது. உங்க ரெண்டையும்விட வேகமாக் கணக்குப் போட்டுடும்!" என்றது கரடி.

"போட்ட கணக்கை அதே வேகத்துல மறந்தும்போகுமே!" என்றது சிலந்தி. "நான் ஒவ்வொரு அணுவா அந்தரத்துல கட்டி நிறுத்தியிருக்கேன். மெதுவாத்தான் ஓடும். ஆனா பிசகாது!"

"எனக்குக் குளிரும் வேண்டாம், கட்டும் வேண்டாம். வெளிச்சத்திலேயே கணக்கு!" என்றது மின்மினி.

"பாதி வெளிச்சம் வழியிலேயே தொலையுதாமே?" என்று கரடி சீண்டியது.

"ஐயா பெரியவங்களே, என் முதுகு காயுது!" என்று விரால் கத்தியது.

மூவரும் ஓடிப்போய்க் கணினியை முடுக்கினார்கள். கரடி குகை வாசலில் உட்கார்ந்தது. இருப்புக் கொள்ளவில்லை. சிலந்தி முந்திவிட்டால் காட்டில் தலைகாட்ட முடியுமா? ஒரு பார்வை, ஒரே ஒரு பார்வை! மெல்லப் போய்ச் சிலந்தியின் பொந்துக்குள் மூக்கை நுழைத்தது. அது விட்ட மூச்சில் அணுக்களெல்லாம் சிதறின.

பொந்தில் சிலந்தியைக் காணோம். அது மின்மினியின் புதரில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. மின்மினியோ பனிக்குகைக்குள் விளக்கோடு சுற்றிக்கொண்டிருந்தது! மூன்று கணக்கும் பாழ்.

அசட்டுச் சிரிப்போடு திரும்பிய மூவரையும் பார்த்து விராலுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மறுபடி ஓடவிட்டுட்டு, மூணு பேரும் வந்து என் எதிர்ல உட்காருங்க. பொழுது சாயற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது!"

அப்படியே உட்கார்ந்தார்கள். கரடிக்குக் கால் துறுதுறுத்தது. தன் பாதங்களின்மேல் தானே உட்கார்ந்து அடக்கிக்கொண்டது. விராலின் வாய் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தபோது, முதல் தடவையாக அதற்கு வெட்கமாக இருந்தது.

பொழுது சாய்ந்ததும் மூவரும் ஓடிப்போய் விடையோடு வந்தார்கள். மூன்றும் ஒரே விடை! "இலுப்பை மரத்தடிப் பிளவு!"

யானை கரையை உடைத்தது. தண்ணீர் குதித்து வந்து குளத்தில் விழுந்தது. விரால் ஒரு துள்ளுத் துள்ளி முழுகியது.

"அது சரி, யாரோட கணினி முதல்ல முடிச்சது?" என்று கரடி கேட்டது.

சிலந்தி விழித்தது. மின்மினி விழித்தது. யாரும் பார்க்கவில்லையே!

"அதனாலதானே முடிஞ்சது!" என்று தண்ணீருக்குள்ளிருந்து விரால் சிரித்தது.

அடுத்தவர் எவ்வளவு தூரம் போனார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பவர், அவர் வேலையையும் கெடுத்துத் தன் வேலையையும் கெடுத்துக்கொள்வார்.