நூற்று முப்பத்தாறு விரற்கடை

முன்னொரு காலத்தில், ஒரு நாட்டின் விகடகவி எட்டியப்பன், இடது உள்ளங்கையில் கல்லுப்பும் வலது கையில் அளவுக் கயிறுமாக, உயிரோடு நிற்கும் ஒரு கடமானின் கொம்பை அளந்துகொண்டிருந்தான்.

தூரத்தில் தப்பட்டை முழங்கியது.

"சீக்கிரம்யா!" சாட்சிக்கு வந்து, பயத்தில் மரமேறிவிட்ட அரண்மனை அளவுகாரர் கைலாசம் மேலிருந்து கிசுகிசுத்தார். "தளவாய் ஆளுங்க ஓடைக்கு வந்துட்டாங்க."

"அந்தி வரைக்கும் ராஜா தவணை குடுத்திருக்காரே, அண்ணாச்சி!"

"தளவாய்க்கு அந்தி சீக்கிரமே வந்துடும்."

மான் உப்பை நக்கியது. சொரசொரப்பான, சூடான நாக்கு. ஏழு வருஷப் பழக்கம். வெள்ளிக்கிழமை தவறாமல் எட்டியப்பன் உப்போடு வருவான், அதுவும் வரும். அவன் சபையில் சொல்லப்போகும் வேடிக்கைகளை முதலில் கேட்பது அதுதான். ஒருநாளும் சிரித்ததில்லை, ஆனால் பாதியில் எழுந்து போனதுமில்லை.

"பொறுடா கண்ணு. இன்னும் ஒரே ஒரு கிளை" என்றான் அதன் காதோரம்.

காலையில் நடந்தது இது. மன்னர் மாறவேளின் சிம்மாசனத்துக்கு எதிர்ச் சுவரில் ஒரு ஜோடிக் கொம்பு. காலஞ்சென்ற அவருடைய தந்தை மாட்டியது. கீழே பொறித்த எண், நூற்று முப்பத்தாறு. இரண்டு கொம்பின் தண்டும் கிளையும் விரற்கடைக் கணக்கில் கூட்டி, இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்தால் வருவதுதான் அந்நாட்டில் கொம்பின் எண். முப்பது வருஷமாக மன்னர் வேட்டையாடுகிறார். நூற்று இருபதைத் தாண்டியதில்லை.

"ஓடைக்கரைக் கடமான் தாண்டும், பிரபு" என்று தளவாய் வீரபாகு ஆசை காட்டினார்.

"அது கிழட்டு மான், மகாராஜா. விட்டுவிடலாமே" என்றான் எட்டியப்பன்.

தளவாய் பிடித்துக்கொண்டார். "விகடகவியாருக்கு மானிடம் உறவு போலிருக்கிறது! அப்படியானால் அந்திக்குள் ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் அதன் எண்ணை இச்சபைக்குக் கொண்டுவரட்டும். முடியாவிட்டால் மானின் தலை சுவருக்கு. இவர் கால் எல்லைக்கு அப்பால்."

மன்னர் தலையசைத்துவிட்டார். எட்டியப்பன் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பலகையும் கொம்பும் சேரும் இடத்தில் அவன் கண்ணில் ஒன்று பட்டது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். காட்ட வேண்டும். காட்டுவதற்குக் கொம்பை இறக்க வேண்டும். பெரிய மன்னரின் கொம்பை அளப்பதற்கன்றி யாரும் தொடக்கூடாது.

ஆகவே, கயிறு.

தப்பட்டை புதருக்கு அந்தப்பக்கம் வெடித்தது. மான் துள்ளியது. எட்டியப்பன் முள்ளில் விழுந்தான். எழுந்து பார்த்தபோது மான் இல்லை. கயிற்றில் இடத்துக்குச் சிவப்பு நூலும் வலத்துக்குக் கறுப்பு நூலும் கடைசிக் கிளை வரை கட்டியது கட்டியபடி இருந்தன.

"ஒருகாலும் இதை யாருகிட்டயும் சொல்லாதே" என்றார் கைலாசம், மரத்திலிருந்து இறங்கி.

"மானை அளந்ததையா?"

"நான் மரமேறினதை."

அந்தி மணி அடிக்கும்போது கிழிந்த தலைப்பாகையோடு சபையில் நுழைந்தான். விரற்கடைக்கு ஒன்றாகக் கயிற்றில் இருந்த முடிச்சுகளைக் கைலாசம் நூல் கட்டிய இடம் வரை எண்ணினார். இடம் எழுபது. வலம் அறுபத்தொன்பது. கூட்டினால் நூற்று முப்பத்தொன்பது. வித்தியாசம் ஒன்று போக, நூற்று முப்பத்தெட்டு.

மன்னர் எழுந்துவிட்டார். இரண்டு விரற்கடை! அந்த இரண்டுக்காக அவர் தூங்காத நாட்கள் எத்தனை!

"வாக்குப்படி மான் பிழைத்தது, பிரபு" என்றான் எட்டியப்பன்.

"எண் வந்தது, சரி" என்று தளவாய் புன்னகைத்தார். "ஆனால் கயிற்றையா சுவரில் மாட்டுவது? தந்தையை வென்ற கொம்பைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?"

மன்னரின் கை வில்லைத் தேடியது.  எட்டியப்பனின் உள்ளங்கையில் இன்னும் உப்பு பிசுபிசுத்தது.

"மகாராஜா! இன்னும் வென்றதாகவில்லையே. இரண்டு கொம்பை ஒப்பிட வேண்டுமானால் ஒரே நாள், ஒரே கயிறு, ஒரே கை. தங்கள் பாட்டனார் வகுத்த முறை. இன்று அந்தக் கயிறு இது. அந்தக் கை இது. பெரிய மன்னரின் கொம்பை இறக்கச் சொல்லுங்கள்."

"இது அபசாரம்!" என்று கத்தினார் தளவாய்.

"முறைதான், பிரபு" என்றார் கைலாசம், தரையைப் பார்த்தபடி.

கொம்பு இறங்கியது. எட்டியப்பன் அளந்தான். இடம் அறுபத்தொன்பது, வலம் அறுபத்தெட்டு. அதே நூற்று முப்பத்தாறு. ஆனால் அவன் கயிற்றைச் சுருட்டவில்லை. கொம்பைப் பலகையிலிருந்து கழற்றி, அதன் அடியை மன்னரின் முன் நீட்டினான்.

"தொட்டுப் பாருங்கள். வேட்டையாடிய மானின் கொம்பென்றால் அடியில் மண்டையோட்டு எலும்பு ஒட்டியிருக்கும். இது விழுந்த பல்லைப் போல உருண்டிருக்கிறது. மான் தானாக உதிர்த்த கொம்பு, மகாராஜா. தங்கள் தந்தை இந்த மானைக் கொல்லவில்லை."

 "யாரும் கொல்லாத மானோடா முப்பது வருஷம் போட்டி போட்டேன்?" என்றார் மன்னர், மிக மெல்ல.

பலகையின் பின்புறம் ஏதோ உரசியது. அரக்கில் ஒட்டிய ஒரு சிறிய ஓலை. மன்னர் பிரித்தார். தந்தையின் கையெழுத்து. முதல் வரியில் புருவம் சுருங்கியது. இரண்டாம் வரியில் உதடு துடித்தது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் காவலர்கள் ஓடிவந்தார்கள், மன்னரின் தாடியெல்லாம் கண்ணீர்.

தம் முத்துமாலையைக் கழற்றி எட்டியப்பனின் கிழிந்த தலைப்பாகையில் சுற்றினார். "ஓடைக்கரைக் காட்டில் இனி வில் நுழையக்கூடாது. மான் தானாகத் தரும்போது வாங்கிக்கொள்வோம். தளவாயாரே, வெள்ளிக்கிழமைதோறும் மானுக்கு உப்பு கொண்டுபோவது இனி உம் பொறுப்பு."

"நானா, பிரபு?"

"கையில் வைத்துத்தான் கொடுக்கணும், தளவாயாரே" என்றான் எட்டியப்பன். "கூச்சமா இருக்கும். பழகிடும்."

மன்னர் ஓலையை அவனிடம் நீட்டினார். சத்தமாக வாசிக்கச் சொன்னார். எட்டியப்பன் வாசித்தான்:

"இடக்கொம்பு, ஓடைக்கரைப் புல்லில் என் மகன் மாறவேள் கண்டெடுத்தது. வயது நான்கு. தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டே வந்து, 'அப்பா, உங்களுக்கு' என்றான். வலக்கொம்பு, அதற்கு ஜோடி சேர்க்க நான் மூன்று நாள் காட்டில் தேடியது. எண் நூற்று முப்பத்தாறு. இது என்னுடையதல்ல. என் மகனுடையது."