சீனிராஜின் கேரவன் கடல் பார்த்த கதை

கோவில்பட்டியில் வாயாலேயே வண்டி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் சீனிராஜை முந்த ஆள் கிடையாது. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக விசில் ஊதி ஓய்வு பெற்றவர், பழைய மினிபஸ் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்துக் கேரவன் ஆக்கிவிட்டார். இந்தக் கோடையில் அதில் கடலோரமாகவே கன்னியாகுமரி வரை கூட்டிப்போகிறேன் என்று மனைவி இராஜக்கனிக்கு வாக்கும் கொடுத்தார். ஐம்பத்தாறு வயதாகியும் அவள் கடலைப் பார்த்ததில்லை, பாவம். அன்றைக்குக் கட்டி வைத்த பை இன்னும் வாசலிலேயே இருந்தது.

வண்டிக்குப் பூஜை போட்ட அன்று மகள் வீட்டுக்குப் போன பக்கத்து வீட்டு மாடசாமி, ஒரு மாதம் கழித்து இன்றுதான் திரும்பியிருந்தார். லாரி ஓட்டியே தலை நரைத்த மனுஷன். "என்ன அண்ணாச்சி, கடலுக்குப் போனீரா?" என்று சும்மா கேட்டுவிட்டார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார்.

"போனோமாவா? தூத்துக்குடி உப்பளம் வழியா போறோம். என்னா வெயிலுங்கீரு! வண்டிக் கூரையில மாவ ஊத்தினா தோசை. ஜன்னலத் தெறந்தா உப்புக் காத்து, சாம்பாருக்குத் தனியா உப்பே போடல!"

"சாம்பாருக்குச் சரி, காப்பிக்கு?" என்றார் மாடசாமி.

"காப்பி போடுறப்ப ஜன்னலச் சாத்திட்டோம்வே! மணப்பாட்டுக் கடற்கரையில நடந்ததக் கேளும். குழம்பு கொதிக்குது. அலையிலேர்ந்து ஒரு சீலா மீனு துள்ளி ஜன்னல் வழியா நேரா சட்டியில விழுது. விழுந்த மீனு தலையத் தூக்கி, 'புளி பத்தாது'ங்குது!"

இராஜக்கனி காப்பியைக் கொண்டு வந்து நங்கென்று வைத்தாள். எரிச்சல் எரிச்சலாக வந்தது அவளுக்கு. இருந்தும் அந்த மீனைத் தானும் ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா என்று ஓர் ஏக்கம்.

"கன்னியாகுமரியில மூணு கடலுல்லா? முன்சக்கரம் ஒரு கடல்ல, பின்சக்கரம் இன்னொண்ணுல, ஸ்டெப்னி மூணாவதுல! விடிய நேரமாச்சு, சூரியனக் காணோம். ஒரு ஹாரன் அடிச்சேன் பாரும், அடிச்சுப் பிடிச்சு மேல வந்துட்டாரு. அங்க பிரேக்கக் கொஞ்சம் லேட்டா மிதிச்சிட்டேன். வண்டி இலங்கையில போயி நிக்குது!"

"அடப்பாவி மனுஷா!"

"அங்க போலீஸ்காரன் பாஸ்போர்ட் கேட்டாம்வே. போட்டேன் ரிவர்ஸ! இலங்கையிலேர்ந்து இந்த வாசல் வரைக்கும் ரிவர்ஸ்லயே வந்தேன். கழுத்து இன்னும் திரும்பல."

சிரித்த சிரிப்பில் மாடசாமியின் தோள்துண்டு நழுவியது. எடுக்கக் குனிந்தவர், நிமிரவே இல்லை.

"அண்ணாச்சி, பூஜைக்கு வச்ச எலுமிச்சம்பழம் நாலும் டயருக்கு முன்னால அப்படியே இருக்கு. காஞ்சிருக்கு, நசுங்கல."

சீனிராஜ் அசரவில்லை. "சக்கரம் தரையில பட்டாத்தானவே நசுங்கும்? அம்புட்டு வேகம்!"

"அப்ப இப்ப ஒரு ரவுண்டு போயிட்டு வாரும்."

சீனிராஜ் வண்டிக்கு முன்னால் நின்ற சுவரைப் பார்த்தார். இராஜக்கனிக்குப் பொறுமை போய்விட்டது.

"எப்படிப் போவாரு, அண்ணாச்சி? கொண்டுவந்து விட்ட டிரைவர் வண்டி மூஞ்சியச் சுவத்துப் பக்கமா நிப்பாட்டிட்டுப் போயிட்டாரு. இவரு அப்படியே பழத்த வச்சு பூஜையும் போட்டுட்டாரு. பழத்த முன்னால ஏறி நசுக்கித்தான் மொதல்ல கெளம்பணுமாம், பின்னால எடுத்தா ஆகாதாம். நெசம் என்னன்னா, இவருக்கு முன்னால ஓட்ட மட்டுந்தான் தெரியும், ரிவர்ஸே வராது! முப்பது வருஷமா விசில் ஊதினவருதான? ஒரு மாசமாச்சு. பையில வச்ச முறுக்கெல்லாம் தின்னு தீத்தாச்சு, கடலத்தான் காணோம்."

விறுவிறுவென்று கொல்லைக்குப் போனாள், கடப்பாரையோடு வந்தாள். "சுவருதான மறிக்குது?" என்று ஓங்கி ஒரு குத்து விட்டாள். காரை பெயர்ந்து விழுந்தது.

"ஐயையோ தாயி! அது எங்க வீட்டுச் சுவரு!" மாடசாமி பாய்ந்து வந்து, காய்ந்த பழங்களைப் பொறுக்கி எறிந்தார். "சாவியக் குடும், நானே பின்னால எடுத்துத் தாரேன். பழம் இல்லன்னா தோஷமும் இல்ல!"

சீனிராஜ் பின்னால் நின்று விசில் ஊத, வண்டி தெருவுக்கு வந்து முகம் திரும்பியது. இராஜக்கனி நாலு புதுப் பழம் கொண்டு வந்து வைத்தாள். பையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சீனிராஜ் முதல் கியரைப் போட்டார். நாலு பழமும் சளக்கென்று நசுங்கின. இராஜக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது.

தெருமுனையில் பேப்பர்காரர் கைகாட்டிக் கேட்டார், "எங்க அண்ணாச்சி, குடும்பத்தோட?"

சீனிராஜ் தலையை வெளியே நீட்டினார். "வண்டி நகரலன்னு சுவர ஒரு அதட்டு அதட்டினேன் பாரும், அது தானா..."

"ரோட்டப் பாருங்க," என்றாள் இராஜக்கனி.