நடுவில் இருந்த காலி இடம்

கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் நான் உதவியாளன். என் அறிவை அளந்துதான் எனக்குத் தூசி தட்டும் துணியைக் கொடுத்திருந்தார்கள்.

தமிழ்த்துறைத் தலைவர் செங்குட்டுவனுக்கும் உருதுத்துறைத் தலைவர் ஜலாலுதீனுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். செங்குட்டுவனுக்கு அதில் விண்டோஸ், ஜலாலுதீனுக்கு லினக்ஸ். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்க ஒரு பூட் மேனேஜரைப் போட்டேன். மேலே விண்டோஸ், கீழே லினக்ஸ் என்று வந்தது. ஜலாலுதீன் நேராகப் பிரின்சிபாலிடம் போய்விட்டார்.

"ரெண்டு பேரோடதும் முதல்ல வரணும், கன்னியப்பா. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்று பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

வேறொரு பூட் மேனேஜரைப் போட்டேன். இடது ஓரத்தில் விண்டோஸ் படம், வலது ஓரத்தில் லினக்ஸ் படம். மூன்று பேரும் பார்க்க வந்தார்கள்.

"இடப்பக்கம்தானே முதல்!" என்று சிரித்தார் செங்குட்டுவன்.

ஜலாலுதீன் என்னை முறைத்தார்.

"சார், உருதுவை எந்தப் பக்கத்துலேருந்து படிப்பீங்க?"

"வலப்பக்கத்துலேருந்து."

"அப்போ முதல்ல இருக்கிறது யாரு சார்?"

அவரும் சிரித்துவிட்டார். பிரின்சிபால் மட்டும் சிரிக்கவில்லை. "நடுவுல இவ்வளவு இடம் காலியா கிடக்கே, ஏன்?"

"மேடையில நடு நாற்காலி தலைவருக்குத்தானே சார்!"

அவர் கோட்டை நீவிவிட்டுக்கொண்டார். என் வேலை தப்பியது.

அந்த இரண்டு படங்களையும் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவருவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.